வாசகர் கேள்வி–பதில்: கூடோ எதற்காகப் பிறந்தது?

தற்காப்புக் கலைகளைப் பற்றி வந்த கடிதங்களில் பல, இம்முறை கூடோ என்ற ஒரே கலையைச் சுற்றியே இருந்தன. ஆகவே இந்தப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மும்பையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் அங்கே கூடோ கற்றுக்கொள்வதாகச் சொல்கிறான். கராத்தேயும் ஜூடோவும் கலந்தது என்கிறான். இது ஜப்பானின் பழங்கலையா, அண்மையில் யாராவது உருவாக்கியதா? ஏற்கெனவே இத்தனை கலைகள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? – ஒரு வாசகர், மதுரை

அண்மையில் உருவானதுதான். வடகிழக்கு ஜப்பானில் மியாகி மாநிலத்தின் தலைநகரான செண்டாயில், 1981-ஆம் ஆண்டு, அசுமா தகாஷி என்பவர் ‘டைடோ ஜுக்கு’ என்ற பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த முறை முதலில் கராத்தேயின் ஒரு பிரிவாகவே அறியப்பட்டது. ‘போர்க் கராத்தே’ என்று பொருள்படும் பெயரும் அதற்கு வழங்கியது. கராத்தே என்ற வட்டத்தை அது தாண்டிவிட்டது என்று தெளிவான பிறகு, 2001-ல், அதற்குக் கூடோ என்ற தனிப்பெயர் வந்தது. முதல் உலகப் போட்டியும் அதே ஆண்டில் டோக்கியோவில் நடந்தது.

“இன்னொன்று எதற்கு” என்ற உங்கள் கேள்விக்கு விடை அசுமாவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் 1949-ல் கெசென்னுமா என்ற மீன்பிடித் துறைமுக நகரில் பிறந்தவர். பள்ளி நாட்களில் ஜூடோ பயின்றார். பின்னர் டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஓயாமா மசுதாட்சு நிறுவிய கியோகுஷின் கராத்தேயில் சேர்ந்தார். கியோகுஷின் அன்றைய ஜப்பானில் பெரும்புகழ் பெற்றிருந்தது. எதிராளியின் உடலைத் தொடும் முன்பே குத்தை நிறுத்திவிடும் போட்டி முறையைப் பல கராத்தே பள்ளிகள் பின்பற்றிய காலத்தில், கவசமோ கையுறையோ இல்லாமல் முழு வலுவோடு அடித்துக்கொள்ளும் போட்டியை ஓயாமா 1969 முதல் நடத்தி வந்தார். அந்தப் போட்டியின் ஒன்பதாவது அகில ஜப்பான் பட்டத்தை 1977-ல் வென்றவர் அசுமா. ஆகவே அவர் கியோகுஷினை வெளியே நின்று குறை சொன்னவர் அல்லர், அதன் உச்சியைத் தொட்டவர்.

அந்த உச்சியிலிருந்து பார்த்தபோதுதான் குறை அவருக்குத் தெரிந்தது என்று நான் கருதுகிறேன். வெறுங்கையால் முகத்தில் குத்தினால் பல் உடையும், கண் போகும், குத்தியவனின் விரலெலும்பும் முறியும். அதனால் கியோகுஷின் போட்டியில் கையால் முகத்தில் குத்தக் கூடாது என்று விதி இருந்தது. உதை மட்டும் தலைக்குப் போகலாம். விதியின் நோக்கம் நல்லது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த விதியே வீரனின் உடலை மாற்றிவிட்டது. முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்த இருவர், கைகளைத் தாழ்த்தி, நெஞ்சுக்கு நெஞ்சு நெருங்கி நின்று, மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் மாறிமாறி அடித்துக்கொள்ளும் பழக்கம் ஊறியது. அவ்வளவு நெருக்கத்தில் எந்தச் சண்டையிலும் கை தானாக எதிராளியின் சட்டையைப் பற்றும். பற்றினால் அது குற்றம். ஜூடோவில் வளர்ந்த ஒருவருக்கு இந்த இரண்டாவது தடை, முதல் தடையை விடவும் செயற்கையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

முகத்தில் குத்தவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும், மறுநாள் காலையில் எல்லோரும் வேலைக்குப் போகும் நிலையிலும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பொருத்துவதற்காகத்தான் டைடோ ஜுக்கு பிறந்தது. அதற்கு அவர் கண்ட வழி, முகத்துக்கு முன்னால் ஒளிபுகும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு பொருத்திய தலைக்கவசம். பழைய வகைக்கு ‘சூப்பர் சேஃப்’ என்று பெயர். அதை அணிந்துகொண்டால் முகத்துக்கு வரும் குத்தைத் தாங்கலாம், கையில் பெரிய குத்துச்சண்டை உறையும் தேவையில்லை. கை உறை சிறியதாகி விரல்கள் வெளியே வந்ததும், அதே கையால் பிடிக்க முடிகிறது. பிடிக்க முடிந்தால் எறிய முடிகிறது. எறிந்தால் தரையில் தொடர முடிகிறது. கூடோவின் கலப்பு முழுவதும் இந்த ஒரு கவசத்திலிருந்து கிளைத்ததுதான். உத்திகளைப் பட்டியல் போட்டுச் சேர்த்துப் பிறந்த கலையாக நான் இதைப் பார்க்கவில்லை. ஒரு தடையை எடுத்தபோது அடுத்த கதவு திறந்தது, அதன் வழியே ஜூடோ உள்ளே வந்தது. தரையில் கழுத்தை நெரிக்கும் பிடிகளும் மூட்டுப் பூட்டுகளும் முழு அளவில் இடம்பெற மேலும் சில ஆண்டுகள் ஆயின.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாகக் கராத்தே கற்பிக்கிறேன். இப்படிப் பலவற்றை வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு கலையின் தூய்மையும் கெட்டுப்போகாதா? மரபு என்பதற்கு மதிப்பே இல்லையா? – ஒரு கராத்தே ஆசிரியர், திருச்சி

மரபுக்கு மதிப்பு உண்டு, ஐயா. ஆனால் நாம் மரபு என்று கைகாட்டும் பள்ளிகளின் பிறப்பைத் தேடிப் போனால், அங்கேயும் கலப்புதான் நிற்கிறது. கனோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் ஜூடோவைத் தொடங்கினார். தாம் பயின்ற தென்ஜின் ஷின்யோ, கிதோ என்ற இரண்டு ஜுஜுட்சு (பழைய ஜப்பானியப் பிடிச்சண்டை) மரபுகளிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றைத்தான் அவர் அதில் வைத்தார். ஆபத்தான உத்திகளைப் போட்டிப் பயிற்சியிலிருந்து விலக்கி, இருவர் முழு வலுவோடு மோதியும் காயமின்றி எழுந்து செல்லும் முறையை அமைத்ததே அவருடைய மேதைமை. அசுமா செய்ததும் அதே வகை வேலை. எதை விலக்குவது, எதைச் சேர்ப்பது என்பதில்தான் இருவரும் வேறுபட்டார்கள்.

கராத்தேயின் கதையும் அப்படித்தான். ஒகினாவாத் தீவுகளில் சீனச் செல்வாக்கோடு வளர்ந்த கலையை, ஃபுனகோஷி கிசின் 1922-ல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்து காட்டினார். அவரிடம் பயின்ற ஒட்சுகா ஹிரோனோரி, தமக்கு முன்பே தெரிந்திருந்த ஜுஜுட்சுவோடு அதை இணைத்து வாடோ-ரியூ பள்ளியை உருவாக்கினார். உங்கள் மாணவர்களில் சிலர் வாடோ-ரியூ வழிவந்த பாடத்திட்டத்தைப் படிப்பவர்களாகவும் இருக்கலாம். அது கலப்பு என்று இன்று யாரும் குறை சொல்வதில்லை.

கவசம் அணிந்து அடிக்கும் யோசனையும் அசுமாவுக்கு முன்பே வந்தது. ஒசாகாவில் ஜூடோ பயின்ற சவயாமா முனேஓமி 1932-ல் நிப்பான் கெம்போவைத் தொடங்கினார். வாள் பயிற்சிக்காரர்கள் அணிவதைப் போன்ற முகக்கூண்டும் மார்புக் கவசமும் தரித்து, அடியும் எறியும் பிடியும் சேர்ந்த பயிற்சியை அவர் வகுத்தார். போருக்குப் பின் 1947-ல், ஷிகோகு தீவின் தடோட்சு ஊரில் சோ டோஷின், ஷோரின்ஜி கெம்போவை நிறுவினார். தோற்று நொறுங்கிப்போன நாட்டின் இளைஞர்களுக்குத் தன்னம்பிக்கை தருவது அவருடைய முதன்மை நோக்கமாக இருந்தது. அதில் அடி, பிடி என்ற இரண்டோடு தியானமும் சேர்ந்துகொண்டது. இவ்வளவையும் பார்க்கும்போது, ஜப்பானிய தற்காப்புக் கலையின் நவீன வரலாற்றில் கலப்பே வழக்கம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் ஒரு கேள்வியோடு பழையதை அணுகி, வேண்டியதை எடுத்துக்கொண்டது.

நீங்கள் அஞ்சுவது முழுவதும் ஆதாரமற்றதல்ல. விளம்பரத்துக்காக நான்கு கலைகளின் பெயரை ஒட்டிப் பலகை மாட்டும் பயிற்சி நிலையங்கள் எங்கும் உண்டு. அங்கே இரண்டு மாதம் உதை, இரண்டு மாதம் எறி என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். உதைக்கும் எறிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். உண்மையான கலப்புக் கலையின் உயிர் அந்த நடுவில்தான் இருக்கிறது. கூடோவில் ஒரு கை எதிராளியின் கழுத்துப்பட்டையைப் பற்றியிருக்கும்போதே மறு கை குத்தலாம், முழங்கால் ஏறலாம், முன்நெற்றியால் முட்டலாம். ஜூடோக்காரர் பிடியைப் பற்றி மட்டும் யோசித்தால் குத்து வாங்குவார். கராத்தேக்காரர் தூரத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் பிடிபட்டுக் கவிழ்வார். அந்த அரை நொடிக்கென்றே தனிப் பயிற்சி இல்லாத பள்ளியைக் கலப்புக் கலைப் பள்ளி என்று நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: கூடோ போட்டி எப்படி நடக்கும்? உயரத்தையும் எடையையும் கூட்டிப் பிரிவு வகுப்பார்கள் என்று படித்தேன். புரியவில்லை. – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

நீங்கள் படித்தது சரி. சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் அப்படியே கூட்டுவார்கள். 165 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ளவருக்கு எண் 240. 180 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒல்லியானவருக்கும் அதே 240. இருவரும் ஒரே பிரிவில் மோதுவார்கள். ஆண்களுக்கு 230, 240, 250, 260, 270 வரை என்றும், 270-க்கு மேல் என்றும் பிரிவுகள் உண்டு. குத்துச்சண்டையிலும் ஜூடோவிலும் எடை மட்டுமே அளவுகோல். ஆனால் குத்தும் உதையும் சேரும் இடத்தில் நீண்ட கை கால்கள் பெரிய ஆயுதம், பிடியும் எறியும் சேரும் இடத்தில் எடை பெரிய ஆயுதம். இரண்டும் ஒரே மேடையில் நடப்பதால் இரண்டையும் சேர்த்து அளக்கிறார்கள். கணக்கு நுட்பமானதல்ல என்றாலும், கலையின் இயல்பை நன்றாக உணர்ந்த கணக்கு என்று சொல்வேன்.

போட்டி மூன்று நிமிடம். முடிவு தெரியாவிட்டால் நீட்டிப்பு உண்டு. இருவருக்கும் ஜூடோவில் அணிவதைப் போன்ற கனத்த பருத்திச் சட்டை, ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்கு நீலம். பற்றி இழுத்தாலும் கிழியாத அந்தச் சட்டைக்கு இங்கே முக்கியமான வேலை இருக்கிறது. தெருவில் நம்மைத் தாக்குபவரும் நாமும் உடை அணிந்தே இருப்போம் என்பதால், உடையைப் பற்றும் திறமை பயிற்சியின் மையத்தில் வைக்கப்பட்டுள்ளது. குத்து, உதை, முழங்கை, முழங்கால், முன்நெற்றி, எறி, கழுத்து நெரிப்பு, மூட்டுப் பூட்டு ஆகிய அனைத்துக்கும் அனுமதி உண்டு. பின்தலையிலும் முதுகெலும்பிலும் அடிக்கக் கூடாது.

தரையில் விழுந்த பிறகு நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். தரைப் போருக்கு ஒவ்வொரு தடவையும் 30 நொடிதான், அதுவும் இரண்டு தடவை மட்டும். கீழே கிடப்பவரை உண்மையில் அடிப்பதில்லை. மேலே அமர்ந்தவர் அவர் முகத்துக்கு நேராகக் குத்தைக் கொண்டுவந்து, கவசத்தைத் தொடாமல் நிறுத்திக் காட்டினால் அதற்குச் சிறு புள்ளி கிடைக்கும். அடி விழுந்திருக்கும் என்று நடுவருக்கு உறுதிப்பட்டால் போதும். முழு வலுவோடு மோதும் ஒரு போட்டியின் நடுவே, பழைய கராத்தேயின் ‘தொடாமல் நிறுத்தும்’ ஒழுங்கு இந்த ஒரே இடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கூடோவின் விதிப்புத்தகத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 30 நொடி வரம்புக்கும் காரணம் உண்டு. நிஜத்தில் ஒருவனோடு தரையில் புரண்டுகொண்டிருந்தால் அவனுடைய கூட்டாளி சும்மா நிற்கமாட்டான். ஆகவே விரைவாக முடி, இல்லையேல் எழுந்துகொள் என்று விதியே வீரனைப் பழக்குகிறது.

புள்ளிகள் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும். பெயர்கள் ஜூடோவில் வழங்கியவையே: கோகா, யூகோ, வஸா-அரி, இப்போன். அடி பட்டதா என்பதை விட, பட்டவர் எந்த அளவுக்கு நிலைகுலைந்தார் என்பதைப் பார்த்தே புள்ளி தரப்படுகிறது. எட்டுப் புள்ளி விழுந்தால் போட்டி முடிந்தது.

கேள்வி: தொலைக்காட்சியில் வரும் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டையும் இதுவும் ஒன்றுதானே? – ஒரு கல்லூரி மாணவர், கோவை

உறவினர்கள், ஆனால் ஒன்றல்ல. எம்.எம்.ஏ. என்ற சொல் பரவும் முன்பே கூடோவின் அடிப்படை அமைந்துவிட்டது. நிஜச் சண்டைக்கு நெருக்கமான ஒரு போட்டியை எப்படி நடத்துவது என்ற ஒரே கேள்வி 1980-களின் ஜப்பானில் பலரைப் பிடித்து உலுக்கியது. மல்யுத்த மேடையில் முகமூடி அணிந்து புகழ்பெற்ற சயாமா சடோரு அந்தக் காலத்தில்தான் அடியும் பிடியும் சேர்ந்த ஷூட்டோ என்ற சண்டை முறையை உருவாக்கினார். கராத்தே வழிவந்த இஷீ கசுயோஷி பின்னர் 1993-ல் கே-1 என்ற கையுறைப் போட்டியைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளை விடையாகக் கையில் எடுத்தார்கள். அசுமா எடுத்தது கவசமும் சட்டையும்.

டைடோ ஜுக்குவின் வீரர்கள் வெளியே போய்த் தங்களைச் சோதித்துப் பார்க்கவும் தயங்கவில்லை. 1994 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த, யூ.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் இரண்டாவது பதிப்பில் இச்சிஹாரா மினோகி கலந்துகொண்டு, பிரேசிலின் ராய்ஸ் கிரேசியை எதிர்கொண்டார். கிரேசி அவரைத் தரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எழவிடாமல் அழுத்தி, சட்டையின் கழுத்துப்பட்டையைப் பயன்படுத்தியே கழுத்தை நெரித்துப் பணியவைத்தார். சட்டை அணிந்து பழகிய கலைக்குச் சட்டையாலேயே தோல்வி வந்தது. தரைப் போரை இன்னும் ஆழமாகக் கற்க வேண்டும் என்ற பாடத்தை, ஜப்பானின் பல கழகங்களைப் போலவே இவர்களும் அந்த ஆண்டுகளில் கற்றார்கள். இன்னொரு பக்கம், டைடோ ஜுக்கு நடத்தும் ஹொகுதோகி என்ற போட்டியின் பட்டத்தை 1990-களில் வென்ற நெதர்லாந்தின் நெடிய வீரர் செமி ஷில்ட், பின்னாளில் கே-1 உலகப் பட்டத்தை நான்கு முறை வென்றார்.

பார்வையாளருக்காக நடக்கும் தொழில்முறைச் சண்டையாக இதை மாற்ற அசுமா விரும்பவில்லை என்பதுதான் பெரிய வேறுபாடு. பணப்பரிசுச் சண்டைக்கு வீரர் முகம் தெரிய வேண்டும், கவசம் கூடாது. கவசத்தைக் கழற்றினால் கூடோவின் காரணமே போய்விடும்.

கேள்வி: அப்படியானால் கூடோவின் நோக்கம் என்ன? தற்காப்பா, விளையாட்டா, ஒழுக்கமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

அசுமா அடிக்கடி வலியுறுத்தியது சமூக உடற்கல்வி என்ற கருத்தை. பகலில் அலுவலகத்திலோ கடையிலோ உழைத்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர், பல்லையும் கையையும் உடைத்துக்கொள்ளாமல் நெருக்கடியான ஒரு மோதலை உடலால் அறிந்துகொள்ள வேண்டும், பல ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கழகத்தின் உறுதிமொழியும் உடல் வலுவையும் அறிவையும் வளர்ப்பது, மனிதரோடு பழகி உள்ளத்தை விரிவாக்குவது, சமூகத்துக்குப் பயன்படுவது என்றே செல்கிறது. இப்படிப்பட்ட உறுதிமொழி எல்லாக் கழகங்களிலும் சுவரில் தொங்கும் என்பது எனக்கும் தெரியும். இங்கே அது விதிகளுக்குள் இறங்கியிருக்கிறது என்பதால்தான் நான் அதை நம்புகிறேன். கீழே கிடப்பவனை அடிக்காதே என்று அறிவுரை சொல்வது எளிது. அடிக்காமல் நிறுத்தியவனுக்குப் புள்ளி கொடுப்பதற்கு யோசனை வேண்டும்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ரஷ்யாவில் இக்கலை வேகமாகப் பரவியது. பிறந்த மண்ணின் வீரர்களையே பல பிரிவுகளில் வீழ்த்தும் அளவுக்கு ரஷ்யர்கள் உயர்ந்தார்கள். 2001-க்குப் பின் 2005, 2009, 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் உலகப் போட்டிகள் நடந்தன. அசுமா 2021 ஏப்ரலில் காலமானார். அவருடைய தொடக்ககால மாணவர்களில் ஒருவரான ஒசாடா கெனிச்சி இப்போது தலைமைப் பொறுப்பில் இருக்கிறார்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கூடோவில் சேர்க்கலாமா? அரசு வேலைக்குப் பயன்படும் என்றும் சொல்கிறார்கள். – ஒரு தாய், சேலம்

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியலில் 2020-ல் சில விளையாட்டுகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன, கூடோ அவற்றில் ஒன்று. ஆனால் தகுதி பெறப் பெரிய அளவிலான போட்டிகளில் பங்கேற்றிருக்க வேண்டும். வகுப்பில் பெறும் பெல்ட்டும் உள்ளூர்க் கோப்பையும் அதற்குப் போதா. அந்தக் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

பாதுகாப்பு குறித்து ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அம்மா. தலைக்கவசம் பல்லையும் மூக்கையும் கண்ணையும் காக்கும். தலை குலுங்கும்போது உள்ளே மூளை குலுங்குவதை எந்தக் கவசமும் முழுமையாகத் தடுக்காது. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலையில் பலத்த அடி விழும் பயிற்சி தேவையில்லை. விழப் பழகுவது, பிடியிலிருந்து விடுபடுவது, எறிவது, உதையின் தூரத்தை உணர்வது ஆகியவற்றிலேயே சில ஆண்டுகளுக்குப் போதுமான பாடம் இருக்கிறது.

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் முழு வகுப்பும் முடியும்வரை ஓரமாக அமர்ந்து பாருங்கள். விழும் பயிற்சிக்குத் தரையில் நல்ல பாய் விரித்திருக்கிறதா, தலைக்கவசம் பிள்ளையின் தலைக்கு ஆடாமல் பொருந்துகிறதா, தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று மறுபடியும் மோதவிடாமல் உட்காரவைக்கிறார்களா என்று கவனியுங்கள். கழுத்து நெரிக்கப்படும் பிள்ளை இரண்டு முறை தட்டியதும் மற்றவர் அந்தக் கணமே பிடியை விடுகிறாரா என்பதையும் பாருங்கள். தாமதமாக விடுபவரை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் இருந்தால், அந்த இடத்தில் மகளைச் சேர்க்காதீர்கள்.